பழி ஆண்டின் மேல், பாரம் ஏழையின் மேல்

குடிசைமாற்று வாரியத்துக்காக வாதாடி, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 2021-ஆம் ஆண்டு வாரியத்தின் மேல் விழுந்த பழிகளெல்லாம் அநியாயம் என்கிறார். கொரோனா, விலையேற்றம், ஆட்சி மாற்றம், நவம்பர் மழை என்று அடிமேல் அடி விழுந்த ஆண்டில் எந்த நிறுவனம்தான் தடுமாறாமல் இருந்திருக்கும் என்று கேட்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். தவறு எங்கே என்று தேடிக்கொண்டே போனவர், கடைசியில் அதை ஏழைகளின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவைக்கிறார். பூச்சு உதிர்ந்ததா, குடியிருப்பவர்களுக்கு வீட்டைப் பேணத் தெரியவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறதா, விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். சின்ன ஊர்களில் வீடு பாதியில் நிற்கிறதா, மானியத்தை வாங்கித் தின்றுவிட்டார்கள். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டுக்கு அவர் எடுத்துக்காட்டிய ஊர் சிவகிரி. நான் சிவகிரிக்காரன். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆளைத் தாக்குவது என் நோக்கமில்லை. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். அவர் எழுதியதைத்தான் தாலுகா ஆபீஸ் வராந்தாவிலும் டீக்கடை பெஞ்சிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சும்மா கிடைத்தால் அருமை தெரியாது என்ற பழைய பேச்சு அது. இப்போது அச்சில் வந்துவிட்டதால் வரி வரியாகப் பிடித்து நிறுத்திக் கேட்க முடிகிறது. நான் நிறுவப்போவது ஒன்றைத்தான். 2021 வாரியத்தைக் கெடுக்கவில்லை. பல ஆண்டுகளாக உள்ளுக்குள் இருந்த கோளாறுகளை அது வெளியே தள்ளியது. அந்த ஆண்டு வந்த இழப்பை வாரியம் தன் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. கையில் காசில்லாத குடும்பங்களின் தோளுக்கு மாற்றிவிட்டது. இதை மறைக்கத்தான் ஏழைகளின் மேல் பழி தேவைப்படுகிறது.

சென்னையின் புளியந்தோப்பிலிருந்து தொடங்குகிறேன். கேசவப்பிள்ளை பூங்கா குடியிருப்பில் 1,920 வீடுகள். பழைய வீடுகளை இடித்துவிட்டு அதே இடத்தில் எழுப்பிய அடுக்குமாடிகள். 2021 ஆகஸ்டில் அங்கே குடியேறிய மக்கள் சுவரைக் கையால் தடவிக் காட்டினார்கள். மணலும் சிமெண்டுமாகப் பொலபொலவென்று கொட்டியது. தமிழ்நாடே அந்தக் காட்சியைப் பார்த்தது. சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. சென்னை ஐஐடியின் வல்லுநர்கள் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். சோதித்தவற்றில் பெரும்பாலான பூச்சு தரத்துக்குக் குறைவானது என்று அறிக்கை வந்தது. பொறியாளர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

கட்டுரையாளர் இதற்கு இரண்டு காரணம் சொல்கிறார்: கொரோனா, குடியிருப்பவர்களின் அக்கறையின்மை. இரண்டையும் தேதியை வைத்தே பார்த்துவிடலாம். கொரோனா வருவதற்கு முன்பே எழுப்பிய கட்டடம் அது. 2020-இல் அங்கே மக்கள் குடியேறியிருக்கவில்லை. நோயாளிகளைத் தங்கவைக்கும் கொரோனா சிகிச்சை மையமாக அது பயன்பட்டது. ஆகவே பூச்சுவேலைக்கும் பெருந்தொற்றுக்கும் சம்பந்தமில்லை. குடும்பங்கள் சாமான் செட்டோடு வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே சுவர் கொட்டியது. அந்தக் கொஞ்ச நாளில் ஒரு குடும்பம் என்ன செய்துவிட முடியும்? காலண்டர் மாட்ட ஆணி அடிப்பார்கள், சாமி படம் மாட்டுவார்கள், துணிக்கொடி கட்டுவார்கள். ஓர் ஆணிக்குத் தாங்காத சுவரைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஆணி அடித்தவனைக் குற்றவாளி ஆக்குவது எந்தப் பொறியியல் புத்தகத்தில் இருக்கிறது? முப்பது ஆண்டு அரசுப் பணியில் இருந்தவருக்கு, ஒப்பந்ததாரரின் பில்லை அளவுப் புத்தகத்தில் யார் எழுதுகிறார், யார் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார், யார் பணம் விடுவிக்கிறார் என்பது தெரியாதா? அந்தக் கையெழுத்துகளில் ஒன்றுகூடப் புளியந்தோப்பு மக்களுடையது இல்லை.

அடுத்தது திருவொற்றியூர். 2021 டிசம்பர் 27 அன்று அரிவாக்குளத்தில் வாரியத்தின் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே சரிந்தது. 24 வீடுகள் மண்ணோடு மண்ணாயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் பெரிதாவதைக் கண்டவர்கள் சரிவதற்குச் சற்று முன்னால் எல்லாரையும் வெளியேற்றியதுதான் காரணம். அந்தக் கட்டடத்துக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. கான்கிரீட் கட்டடம் ஒன்று அந்த வயதில் விழுகிறது என்றால், அதைக் கட்டிய விதத்திலும் அதன்பின் கண்டுகொள்ளாமல் விட்ட விதத்திலும் கோளாறு. 2021 நவம்பர் மழை அந்தக் கோளாறின் மேல் பெய்தது, அவ்வளவுதான். அதே மழை சென்னையின் எல்லாக் கட்டடங்கள் மேலும் பெய்ததே! அமைச்சர் தா.மோ. அன்பரசன் நேரில் வந்து பார்த்தார், நிவாரணமும் மாற்று வீடும் அறிவிக்கப்பட்டன. அறிவித்ததை நான் குறை சொல்லவில்லை. கட்டடத்தின் ஆபத்தை அளந்து சொல்லவேண்டிய வேலை, அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களை விட்டுக் குடியிருந்தவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் ஏன் வந்து சேர்ந்தது என்பதே என் கேள்வி. அதற்குக் கட்டுரையில் ஒரு வரி பதில் இல்லை.

குடியிருப்பவர்கள் ‘எப்போதும் குறை சொல்லிக்கொண்டே இருப்பவர்கள்’ என்கிறார் அவர். இந்த மனப்போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. லண்டனில் கிரென்ஃபெல் என்ற பொதுக் குடியிருப்பு அடுக்குமாடி 2017 ஜூன் 14 அதிகாலை தீப்பிடித்து எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். தீ ஆபத்தைப் பற்றி அங்கு வாழ்ந்தவர்கள் முன்கூட்டியே எழுதி எச்சரித்திருந்தார்கள். அவர்களைத் தொல்லை கொடுப்பவர்களாகவே நிர்வாகம் பார்த்தது என்பதை 2024-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. குறை சொல்கிறவர்கள்தாம் ஒரு வீட்டுவசதி நிறுவனத்துக்குக் கூலியில்லாமல் கிடைக்கும் மேற்பார்வையாளர்கள். அவர்கள் வாயை அடைக்கச் சொல்கிறவர் அந்த நிறுவனத்துக்கு நண்பர் இல்லை. திருவொற்றியூரில் மக்கள் சும்மா இருந்திருந்தால் அன்றைக்கு எத்தனை பிணம் விழுந்திருக்கும் என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

நன்றி மறந்து வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. எங்கே விற்கிறார்கள், ஏன் விற்கிறார்கள்? பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே இடத்தில் அடுக்கிவைத்தார்கள். கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். பல குடும்பங்களைப் பள்ளி ஆண்டின் நடுவிலேயே லாரியில் ஏற்றினார்கள். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நான்கு வீடுகள் வேலை இருந்தது. மீன் விற்றவருக்குத் துறை பக்கத்தில் இருந்தது. அதிகாலை ஐந்தரைக்குப் பாத்திரம் துலக்கப் போகவேண்டியவர் இருபத்தைந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எந்தப் பஸ்ஸைப் பிடித்துப் போவார்? இடம் மாற ஐயாயிரம் ரூபாயும், மாதம் 2,500 வீதம் ஓராண்டுக்குப் பிழைப்பூதியமும் கொடுத்தார்கள். ஓராண்டில் போன வேலை திரும்பி வந்துவிடுமா? லிஃப்டு வைத்த எட்டு மாடிக் கட்டடத்துக்கு மாதம் 750 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் வேறு. வருமானத்தைப் பிடுங்கிவிட்டுச் செலவைக் கூட்டினால் மனிதர்கள் வேலை இருக்கும் இடத்துக்குத் திரும்பத்தான் செய்வார்கள்.

பிழைப்பும் வாழும் உரிமையின் ஒரு பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-லேயே ஒப்புக்கொண்டது. அந்தத் தீர்ப்பு அகற்றலை முழுவதும் தடுக்கவில்லை. ஆனாலும் தங்குமிடத்தையும் வேலையையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற உண்மையைச் சட்டத்தின் மொழியில் எழுதிவைத்தது. 36 ஆண்டு கழித்து, அதே 2021 ஜூலையில், பெருந்தொற்றின் இரண்டாம் அலை ஓயாத நேரத்தில், அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரில் வீடுகளை இடித்து, குடும்பங்களைப் புளியந்தோப்புக்கு அனுப்பினார்கள். ஆம், அதே கேசவப்பிள்ளை பூங்காவுக்குத்தான். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று அரசாங்கம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இருந்த வீட்டை இடித்ததை எந்தக் கடினமான ஆண்டு நியாயப்படுத்தும்? கட்டுரையாளர் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

இனி என் ஊருக்கு வருகிறேன். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி சிவகிரி. தாலுகாவின் தலைநகர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது நெல்லையிலிருந்து பிரிந்து வந்தோம். வயலும் தென்னந்தோப்பும் கரும்புக்காடும்தான் இங்கே பிழைப்பு. அடுக்குமாடி எழுப்பும் வாரியத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். மத்திய அரசு 2015 ஜூனில் தொடங்கிய ‘அனைவருக்கும் வீடு’ நகர்ப்புறத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் நடத்துவது இந்த வாரியம். பட்டா நிலம் வைத்திருப்பவர் தானே வீடு கட்டிக்கொள்ளலாம். 2021-இல் மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், ஆக 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் மானியம். பேரூராட்சிகளில் வாரியம் என்றால் மக்கள் கண்ணில் படுவது இந்தத் திட்டம்தான். வாரியத்தின் பெயர் 2021 செப்டம்பரில் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாறிய பிறகும் எங்கள் பக்கத்தில் அது ‘குடிசைமாற்று வீடு’தான்.

இந்தப் பணம் கைக்கு வரும் முறையைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டுவிட்டார். விட்டதால்தான் எங்கள் ஊர்க்காரர்களைத் திருடர்களாகக் காட்ட முடிந்தது. மானியம் நான்கு தவணை. பேஸ்மட்டம் முடித்துப் போட்டோ எடுத்தால் ஒன்று, லிண்டல் மட்டம் வந்தால் ஒன்று, தளம் போட்டால் ஒன்று, வேலை முடிந்ததும் கடைசி. கைபேசியில் ஜியோ டேக் போட்டு எடுத்த படம் ஏறினால்தான் அடுத்த பணம். அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும் முதலில் செலவு செய்யவேண்டியவர் பயனாளி. அரசாங்கம் பின்னால் வந்து கொடுக்கும். கடக்கால் தோண்ட, கருங்கல் இறக்க, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக்கூலி கொடுக்க முதல் ரூபாய் அவர் கையிலிருந்து போகவேண்டும். வீட்டின் மதிப்பீடே 3 லட்சம் என்று வைத்து, மீதி 90 ஆயிரத்தைப் பயனாளியின் பங்கு என்றும் திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தில் 90 ஆயிரம் எந்த உண்டியலில் இருக்கும்? ஆகவே ‘மானியத்தை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார்கள்’ என்ற வாக்கியமே தப்பு. வேலையை முடித்துக் காட்டாமல் இந்தத் திட்டத்தில் ஒரு தவணையும் வாங்க முடியாது. பாதியில் நிற்கும் ஒவ்வொரு வீட்டிலும் அரசாங்கத்தின் பணத்தோடு அந்தக் குடும்பத்தின் சொந்தப் பணமும் சிக்கிக் கிடக்கிறது.

எங்கள் ஊரில் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடு ஒன்றுக்குள் போய்ப் பார்த்தேன். நான்கு சுவர் நிற்கிறது. லிண்டலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி துருவேறி, மழைத்தண்ணீர் வழிந்த இடமெல்லாம் சுவரில் செங்காவிக் கோடு விழுந்திருக்கிறது. தளம் போடவேண்டிய இடத்தில் நீலத் தார்ப்பாய், அது பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் செங்கல். உள்ளே அடுப்பு எரிகிறது. வீட்டுக்காரம்மா நாற்று நடப் போகிறவர். மகளின் பழைய பள்ளி நோட்டில் கணக்கு வைத்திருக்கிறார்: இடதுபக்கம் யார் யாரிடம் வாங்கியது, வலதுபக்கம் எதற்குக் கொடுத்தது. செங்கல், எம்-சாண்ட், கம்பி, சிமெண்டு, சென்ட்ரிங் அட்வான்ஸ் என்று வரிசையாக இருக்கிறது. இடதுபக்கத்தில் மகளிர் குழு, தங்கச்சி சங்கிலி, பிறகு வெறும் முதலெழுத்துகள். அந்த முதலெழுத்துகள் யாரென்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: “பேஸ்மட்டம் போட்டாத்தான் துட்டு வரும்னாங்க. பேஸ்மட்டம் போடத்தான அண்ணாச்சி எங்ககிட்ட துட்டு இல்ல?” திட்டத்தின் முழுக் கோளாறையும் ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார் அவர். கட்டுரையாளர் நான்கு பக்கம் எழுதியும் அந்தக் கேள்வியின் கிட்டக்கூட வரவில்லை.

அந்த நோட்டின் வலதுபக்கத்தில் 2021 எப்படிப்பட்ட ஆண்டு என்பது தெரிகிறது. மே 10-ஆம் தேதி தொடங்கிய முழு ஊரடங்கில் கொத்தனார் வேலையும் இல்லை, கூலி வேலையும் இல்லை. ஊரடங்கு தளர்ந்தபோது சிமெண்டு மூட்டை 450 ரூபாயைத் தாண்டிப் போயிருந்தது. கம்பி விலையும் ஏறியது. சிமெண்டு விலை மக்களுக்கு எட்டாமல் போனது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதால்தான், அந்த ஆண்டு நவம்பரில் அரசு சிமெண்டுக் கழகம் ‘வலிமை’ என்ற பெயரில் மூட்டை 350 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ஆனால் மானியம்? 2 லட்சத்து 10 ஆயிரம் என்பது 2 லட்சத்து 10 ஆயிரமாகவே நின்றது. விலை ஏறியது எல்லாருக்கும் தெரியும். ஏறிய விலையை யார் கொடுப்பது என்ற இடத்தில் வாரியம் கையை விரித்துவிட்டது. கெட்ட ஆண்டின் பாரம் வாரியத்தின் தலையில் விழுந்ததாகக் கட்டுரையாளர் உருகுகிறாரே, எங்கள் ஊர்க் கணக்குப்படி ஒரு மூட்டை சிமெண்டின் கூடுதல் விலைகூட வாரியத்தின் தலையில் விழவில்லை.

அரசாங்கத்தால் கூட்டிக் கொடுத்திருக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. கிராமங்களுக்குக் கூட்டிக் கொடுத்தது. ஊரகப் பகுதிக்கான பிரதமர் வீட்டுத் திட்டத்தில், கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு தரும் கூடுதல் தொகை 2020-இன் இறுதியில் 50 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. பிறகு 2024-இல் வந்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம். இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் சிவகிரிப் பேரூராட்சி எல்லைக்கு வெளியே, வாசுதேவநல்லூர் ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில் வீடு கட்டுகிறவரும் எங்கள் ஊரில் கட்டுகிறவரும் ஒரே கடையில் சிமெண்டு வாங்குகிறார்கள், ஒரே கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள், ஒரே வயலில் நாற்று நடுகிறார்கள். 2021-இல் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தால் நூறுநாள் வேலை இருந்தது. அதன் கூலியில் ஒரு பங்கு வீடு கட்டவும் கிடைத்தது. இந்தப் பக்கம் பேரூராட்சி என்பதால் நூறுநாள் வேலையும் இல்லாமல் போனது. 2020-லும் 2021-லும் எத்தனையோ கிராமங்களில் அடுப்பு எரியவைத்தது அந்த நூறுநாள் கூலி. எங்கள் ஊர்க் கூலிக்காரர்கள் பெயருக்கு நகரவாசிகள், பிழைப்புக்குக் கிராமத்தார். இரண்டு பக்கத்துச் சலுகையும் அவர்களுக்கு இல்லை. இவர்களைப் பார்த்துச் சோம்பேறிகள் என்று எழுத ஒருவருக்கு மனம் வருகிறதே என்று எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

கையில் பணமில்லாதவர் எங்கே போவார்? வங்கிக்குப் போனால் சம்பளச் சான்றிதழ் கேட்கிறார்கள். நுண்கடன் நிறுவனம் வாரத் தவணை கேட்கிறது. கடைசியில் கந்து வட்டி. இதைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனாலும் 2017 அக்டோபரில், இன்று எங்கள் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் காசிதர்மத்தைச் சேர்ந்த கூலித்தொழிலாளி ஒருவர், கந்து வட்டிக் கொடுமை தாளாமல், மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்தார். நால்வரும் இறந்துபோனார்கள். அது வீடு கட்ட வாங்கிய கடன் என்று நான் சொல்லவில்லை. கடன் என்றால் எங்கள் மாவட்டத்தில் என்ன பொருள் என்பதைச் சொல்கிறேன். ‘முதலில் நீ கடன் வாங்கிக் கட்டு, பிறகு நான் தருகிறேன்’ என்று ஒரு திட்டம் இந்த மண்ணில் சொன்னால், அது ஏழையை யாருடைய வாசலுக்கு அனுப்புகிறது என்பது மாவட்ட நிர்வாகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீடு பெண்ணின் பெயரில், அல்லது பெண்ணையும் சேர்த்து, இருக்கவேண்டும் என்பது திட்டத்தின் நல்ல விதி. நடைமுறையில் அந்த வீட்டின் கடனும் பெண்ணின் பெயரில் வந்து விழுகிறது.

கட்டுரையாளர் இவ்வளவுக்கும் சொல்லும் தீர்வு, வீட்டைக் கட்டி முடிக்கும் வசதி உள்ளவர்களை மட்டும் இனிமேல் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. வசதி உள்ளவனுக்கு எதற்கு மானியம்? ஏற்கனவே இந்தத் திட்டம் பட்டா இல்லாதவர்களை வெளியே நிறுத்திவிட்டது. ஓடைப் புறம்போக்கிலும் பாதை ஓரத்திலும் தலைமுறையாக இருப்பவர்கள் விண்ணப்பமே போட முடியாது. இப்போது பட்டா இருந்தும் பணமில்லாதவர்களையும் வெளியே தள்ளச் சொல்கிறார். மிச்சம் இருப்பவர்கள் யார்? வாரியம் இல்லாவிட்டாலும் வீடு கட்டிக்கொள்ளக்கூடியவர்கள். குடிசையில் இருப்பவர்களுக்காக 1970-இல் உண்டாக்கிய வாரியத்தை, 1971-இல் அதற்கென்றே ஒரு சட்டமும் இயற்றிய மாநிலத்தில், குடிசையில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வேலை செய்யச் சொல்கிறார். இதை வாரியத்துக்கு ஆதரவு என்று அவர் நம்புவது எனக்குத் திகைப்பாக இருக்கிறது.

கெட்ட ஆண்டு என்பதே சாக்கு ஆகிவிடுமா? சிங்கப்பூரில் வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் 1960-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1961 மே 25 அன்று, புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து சாம்பலானது. சுமார் 16 ஆயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். கழகத்துக்கு அப்போது ஒரு வயதுதான். ஓராண்டுக்குள் அவர்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. அந்த நாட்டின் அரசியலையும் நம்முடையதையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. நிலமும் அதிகாரமும் பணமும் அங்கே வேறு விதம். ஆனால் ஒன்று பொருந்தும்: ஏழைகளுக்கு வீடு கொடுக்கும் நிறுவனத்துக்குக் கெட்ட ஆண்டுதான் வேலை நாள். மழை பெய்தால் குடை விரியாது என்று விற்பவனிடம் யாரும் குடை வாங்குவதில்லை.

நியாயத்துக்காக இதையும் சொல்கிறேன். வாரியத்தில் நல்ல காரியமே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது வெளியே போய் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்குக் கொடுத்த தொகை 8 ஆயிரத்திலிருந்து 24 ஆயிரமாக உயர்ந்தது. குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்குச் சமமாக அரசும் பணம் போடும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் வந்தது. மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவு 2021 அக்டோபரில் பொதுமக்கள் கருத்துக்கு வந்தது. இவையெல்லாம் எப்படி வந்தன? குறை சொன்னவர்களால் வந்தன. ‘இது போதாது’ என்று வாரியத்தின் வாசலில் போய் நின்றவர்களால் வந்தன. கட்டுரையாளரைப் போல எல்லாரும் ‘முடிந்ததைச் செய்தார்கள்’ என்று கைதட்டியிருந்தால் அந்த 8 ஆயிரம் இன்னும் 8 ஆயிரமாகவே இருந்திருக்கும்.

வாரியத்தைக் கலைக்கச் சொல்லவில்லை. அது தேவை என்பதால்தான் இவ்வளவு கோபம். செய்யவேண்டியவையும் வெளிச்சமாகத் தெரிகின்றன. முதல் தவணையைக் கடக்கால் தோண்டும் முன்பே கொடுக்க வேண்டும். பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் விலைப்பட்டியல் போடுகிறது. ஒப்பந்ததாரரின் மதிப்பீடு அதன்படி ஏறும்போது ஏழையின் மானியம் மட்டும் ஏன் ஏறக் கூடாது? பேரூராட்சியில் கட்டுகிறவருக்கும் பக்கத்து ஊராட்சியில் கட்டுகிறவருக்கும் ஒரே தொகை வேண்டும். புறம்போக்கில் ஆண்டுக்கணக்காக இருப்பவர்களுக்குப் பட்டாவோ மாற்று மனையோ கொடுத்துத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அடுக்குமாடிகளில் சாவியைக் கொடுக்கும் முன் வெளி வல்லுநர்கள் சோதித்த அறிக்கையைத் தமிழில் வாசலில் ஒட்ட வேண்டும். பேரூராட்சிகளில் பகுதி சபை என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. வாரியத்தின் கணக்கை அந்தச் சபையில் வைத்துப் பயனாளிகள் முன்னால் படிக்க வேண்டும். பள்ளி ஆண்டின் நடுவில் ஒரு குடும்பத்தையும் பெயர்க்கக் கூடாது. இதில் எதுவும் வானத்து நட்சத்திரம் இல்லை. ஓர் அரசாணையும் கொஞ்சம் பணமும் நிறைய மனமும் வேண்டும்.

கட்டுரையாளர் மறுபடியும் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். எழுதும்போது எங்கள் ஊர்ப் பெண்களின் குணத்தை ஆராய்வதை விட்டுவிட்டு மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும். புளியந்தோப்புச் சுவருக்குப் பணம் விடுவிக்கக் கையெழுத்திட்ட அத்தனை பேரும் பொறுப்பேற்றார்களா? 2021-இல் சிமெண்டும் கம்பியும் ஏறியபோது பேரூராட்சி ஏழைக்கு மட்டும் மானியம் ஏன் ஏறவில்லை? பேஸ்மட்டம் போட வழியில்லாத ஒருவர் கந்து வட்டிக்குப் போகாமல் பேஸ்மட்டம் போட அவர் காட்டும் வழி என்ன? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், சிவகிரிக்காரர்கள் மேல் எழுதிய குற்றச்சாட்டை அவர் திரும்பப் பெற வேண்டும். எங்கள் ஜனங்கள் மானியத்தைத் தின்றவர்கள் இல்லை. அரசாங்கம் போடவேண்டிய முதலைத் தங்கள் சங்கிலியை வைத்துப் போட்டவர்கள். இந்தத் திட்டத்தில் யாராவது யாருக்காவது கடன்பட்டிருந்தால், வாரியம்தான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.